குளிர் முடியட்டும்

ஜீலாங்கில் ஜூலை.
ஹீட்டர் இருமிக்கொண்டு எழும்போது
நான் முதலில் பார்ப்பது வானத்தை அல்ல,
ராத்திரி எத்தனை பேர் போனார்கள் என்பதை.
பதினொன்று.
வந்தவர்கள் நான்கு.

மாதம் பத்தொன்பது டாலருக்கு
புளித்த மாவில் ரொட்டி சுடக் கற்றுத்தருகிறோம்,
நானும் ப்ரோன்வினும், அவள் வீட்டுக் கராஜிலிருந்து.
ஞாயிறுதோறும் ஒரு வீடியோ,
புதன் இரவு நேரலை,
ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் உறுப்பினர்கள்.
ரொட்டி அவள் பொறுப்பு.
சல்லடையில் தண்ணீர் மொள்வது என்னுடையது.

போகிறவர்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு.
ஏன் போகிறீர்கள்?
விலை அதிகம். நேரம் இல்லை. மற்றவை.
விலகும் பொத்தானைச் சாம்பல் நிறத்தில்,
எறும்பளவுக்கு,
மூன்றாவது திரையின் அடியில் ஒளித்தவன் நானே.
தேடிக் களைத்து
இன்னொரு மாதம் கட்டியவர்களை
விசுவாசிகள் என்று கணக்கில் எழுதினோம்.

எல்லோரும் விலையைத்தான் தொடுவார்கள்.
கோலாக்கிலிருந்து மேவிஸ் ட்ரெகியர் மட்டும்
மற்றவையில் எழுதியிருந்தாள்:
என் மாவு செத்துவிட்டது. மன்னிக்கவும்.

மன்னிக்கவும்!
காசு கொடுத்தவள் கேட்கிறாள்.

அன்று மதியச் சாப்பாட்டை மறந்து
மூன்று வருடப் பட்டியலைத் தோண்டினேன்.
விலை என்று சொல்லிப் போனவர்களில் பாதிப்பேர்
கடைசியாகப் பார்த்தது ஒரே வீடியோ:
குமிழி வராவிட்டால் என்ன செய்வது.
அதையும் முழுதாகப் பார்க்கவில்லை.
ஜாடி அசையாமல் கிடக்க
புதன்கிழமை முகம் காட்டக் கூச்சம்.
கூச்சத்துக்குப் பட்டியலில் இடமில்லை,
விலையைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தூங்குகிறவர்கள் வேறு ரகம்.
இருநூற்றுப் பதினேழு பேர்
ஒரு வருடமாக உள்ளே வரவில்லை,
அவர்கள் கார்டு மட்டும் தவறாமல் வருகிறது.
எழுப்பாதே, என்றாள் ப்ரோன்வின்,
புது அடுப்பின் தவணை
அந்தத் தூக்கத்தில்தான் ஓடுகிறது.

என் ஜிம்மும் அப்படித்தான்.
நிறுத்த வேண்டுமென்றால் நேரில் வா என்கிறது.
நேரில் போகிறவன்
ஏன் நிறுத்தப்போகிறான்?

எங்கள் ஆட்கள் போகிறேன் என்று சொல்வதில்லை.
பால் வாங்கக் கிளம்பினாலும்
பனாமாவுக்குக் கிளம்பினாலும்
போயிட்டு வர்றேன்தான்.
அதையே பொத்தானில் போடலாமா என்று கேட்டேன்.
ஆங்கிலத்தில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.
மிரட்டுகிற மாதிரி இருக்கிறதே, என்று
மாவுக் கையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

கடைசியில்
கட்டைவிரல் அகலத்துக்கு, முதல் திரையிலேயே,
இரண்டு பொத்தான்கள்.
நிறுத்துகிறேன்.
குளிர் முடியட்டும்.
இரண்டாவதைத் தொட்டால் பணம் எடுக்கமாட்டோம்,
செப்டம்பரில் ஒரு பொட்டலம்
உலர்த்திய தாய்மாவு தபாலில் வரும்.

அன்றிரவே, அவளிடம் சொல்லாமல்,
தூங்குகிறவர்களுக்கும் ஒரு வரி எழுதினேன்:
நீங்கள் வருவதில்லை,
நாங்கள் எடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

விடிவதற்குள் தொண்ணூற்று நான்கு பேர் போனார்கள்.
ஒருவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்,
ஒருவர் பழைய பணத்தையும் கேட்டார். கொடுத்தோம்.
ப்ரோன்வின் இரண்டு நாள் பேசவில்லை,
மாவை மேஜையில் அறைகிற சத்தத்தில்
திட்டிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரில் நூற்று அறுபத்திரண்டு பொட்டலங்கள்.
வெள்ளைத் தூளைப் பார்த்துத்
தபால் நிலையத்துப் பையன் புருவம் தூக்கினான்.
கணக்கில் இல்லாத நூற்று அறுபத்து மூன்றாவதை
கோலாக்குக்கு அனுப்பினேன்.

இருபது பேரா, இருநூறு பேரா, யார் திரும்புவார்கள்
என்று இன்னும் தெரியவில்லை.
ஹீட்டர் மட்டும் ஓய்ந்திருக்கிறது.

மேவிஸ் திரும்ப வந்து சேரவில்லை.
ஒரு படம் அனுப்பினாள்:
ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் சரிந்து
செங்கல் மாதிரி ஒரு ரொட்டி,
அதன்மேல் ஒரு கத்தி தோற்றுப்போய்க் கிடந்தது.
கீழே, இது உயிரோடு இருக்கிறது.

வந்தவர், போனவர், தூங்குகிறவர்
என்று மூன்று கட்டங்கள் என் தாளில்.
இவள் பெயரோடு
பத்து நிமிடமாக உட்கார்ந்திருக்கிறேன்.